கதோரியின் வாள் தெய்வம்

சவாரா ரயில் நிலையத்தில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ஜப்பானின் சிபா மாநிலத்தில் இருக்கும் கதோரி ஜிங்கு கோயிலைத் தரிசிக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அங்கே குடிகொண்டிருக்கும் ஃபுட்சுனுஷி, வாளின் தெய்வம். அவர் சந்நிதியில் பிறந்த வாள்வித்தை இன்றும் அழியாமல் இருக்கிறது.

மரக்கரண்டியால் நீர் மொண்டு இடக்கை, வலக்கை, வாய் என்று வரிசையாகச் சுத்தம் செய்துகொண்டேன். கறுப்பு அரக்கு பூசிய கருவறை, 1700இல் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) சுனயோஷி கட்டுவித்தது. மழை ஈரத்தில் அந்தக் கறுப்பு பளபளத்தது. இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கினேன்.

அந்த வாள்வித்தையைத் தோற்றுவித்த இயிசாசா சோயிசாய் இயெனாவ் இந்த வட்டாரத்துப் போர்வீரர். அவரைச் சேர்ந்த ஒருவர் கோயிலருகே ஊற்று நீரில் குதிரையைக் கழுவ, குதிரை துவண்டு விழுந்து இறந்ததாம். தெய்வத்தின் வல்லமையை அதில் உணர்ந்த சோயிசாய், அறுபது வயதைக் கடந்த நிலையில் ஆயிரம் நாள் விரதம் பூண்டார். அதன் முடிவில் ஃபுட்சுனுஷி ஒரு சிறுவனாகப் பழைய பிளம் மரத்தின் மேல் தோன்றி, போர்க்கலைச் சுவடியை அருளினார் என்பது ஐதிகம். அறுபதுக்கு மேல் தவம்! எனக்கு மெய்சிலிர்த்தது.

அப்படித் தோன்றியதுதான் தென்ஷின் ஷோதென் கதோரி ஷிந்தோ ரியூ என்ற போர்க்கலை மரபு. வாள், ஈட்டி, நீள்கம்பு எல்லாம் அதில் அடக்கம். சேருகிறவர்கள் தங்கள் ரத்தத்தால் முத்திரையிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது அதன் மரபு. குருபீடம் இயிசாசா குடும்பத்திலேயே இருபது தலைமுறையாக நீடிக்கிறது. 1960இல் சிபா மாநில அரசு இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது வேறொரு கதை. சவால் விட்டு வருகிறவர்களை சோயிசாய் வரவேற்று, குட்டை மூங்கில் புதரின் மேல் அமர்ந்து காட்டுவாராம். ஒரு தண்டுகூட வளையாது. வந்தவர்கள் வாளை உருவாமலே திரும்பிவிடுவார்கள். ஜப்பானிய மொழியில் போர்க்கலையும் ஹெய்ஹோ, அமைதிக்கலையும் ஹெய்ஹோ. இரண்டும் ஒன்றே என்பது இந்த மரபின் உபதேசம். கொல்லும் வித்தையைக் கற்பிக்கிற இடத்தில் இதைவிட உயர்ந்த சொல் இருக்க முடியுமா?

சோயிசாயின் சமாதி மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பாசி படிந்த கல். வெட்டிய எழுத்துகளின் பள்ளங்களில் மழைநீர் தேங்கியிருந்தது. வேறு யாரும் இல்லை. கைகூப்பி வெகுநேரம் நின்றேன். திரும்பும் வழியில் பாதையோரம் குட்டை மூங்கில் அடர்ந்திருந்தது. ஒரு தண்டின் நுனியை ஒற்றை விரலால் மெல்ல அழுத்தினேன். உடனே தலைசாய்ந்தது.