எச்.எஸ்.சி. ஆர்ட்டுக்கு எந்த லென்ஸ்? ரிசல்ட் வந்த கையோடு எழுதுகிறேன்

மொரிஷியஸில் பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வான எச்.எஸ்.சி.யின் ரிசல்ட் வந்துவிட்டது. ஆர்ட் அண்ட் டிசைனில் ஏ. போட்டோகிராஃபியை நம்பி ஒரு பிரின்சிபல் சப்ஜெக்ட்டை (முக்கியப் பாடத்தை) எடுப்பதா என்று இரண்டு வருஷமாக முணுமுணுத்த அப்பா, இப்போது சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதோடு கிரேடு 12, 13 பிள்ளைகளின் கேள்வியும் தொடங்கிவிட்டது. "அக்கா, போர்ட்ரெய்ட்டுக்கு என்ன லென்ஸ் வாங்கலாம்?" தீம் எப்படிப் பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எழுத்துப் பகுதியை எப்படி முடித்தாய் என்றும் கேட்பதில்லை. சரி, லென்ஸைப் பற்றியே சொல்கிறேன்.

பதில்: மலிவானதை வாங்குங்கள். விலை உயர்ந்ததை ஒரு சனி ஞாயிறுக்கு இரவல் வாங்குங்கள். இரண்டிலும் ஒரே முகத்தை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து, அந்த ஒப்பீட்டை அப்படியே தேர்வுக்குக் கொடுக்கும் ஷீட்டில் ஒட்டுங்கள். எனக்கு ஏ வாங்கித் தந்ததே அந்த ஷீட்டுகள்தான் என்பது என் கட்சி. ஆர்ட் மிஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீ மிகைப்படுத்துகிறாய்" என்றார். இருக்கட்டும்.

நான் வைத்திருந்தது கேனன் கிராப் சென்சார் கேமரா (சென்சார் கொஞ்சம் சின்னது, அதனால் காட்சி நெருங்கித் தெரியும்), 24 மெகாபிக்சல், அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. மலிவு லென்ஸ் 50 எம்.எம். எஃப்/1.8 எஸ்.டி.எம்., 2015இல் வந்தது, எடை 160 கிராம். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர்: எண் சின்னதாக ஆக ஆகத் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம், பின்னணி மங்கும். கிராப் கேமராவில் 50 என்பது ஏறக்குறைய 80 எம்.எம். போல நடந்துகொள்ளும், முகத்துக்கு அளவான தூரம். போர்ட் லூயிஸில் ஒரு கடைக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது விளையாட்டுச் சாமான், எஃப்/1.2 இல்லாமல் போர்ட்ரெய்ட் எடுக்க வராதே" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் சொன்ன 50 எம்.எம். எஃப்/1.2 எல் (கேனனின் உயர்தர வரிசை) லென்ஸின் விலை என் லென்ஸைப் போல பத்து மடங்குக்கும் மேல். எடை அரைக் கிலோவைத் தாண்டும்.

மாமா கல்யாணப் படம் எடுப்பவர். அவரிடம் அந்த எஃப்/1.2 இருந்தது. கல்யாணம் இல்லாத ஒரு வாரக்கடைசியில், "கீழே போட்டால் நீதான் கடன் கட்ட வேண்டும்" என்று சொல்லித் தந்தார்.

பாட்டியை ரோஸ் ஹில் வீட்டுப் பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். ஒரு மீட்டர் தூரம். முதலில் எஃப்/1.2. கேமராத் திரையில் பார்த்தபோது மயங்கித்தான் போனேன். பின்னால் இருந்த முருங்கை மரம் பச்சைப் புகையாகிவிட்டது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் கண் இமை ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது, ஆனால் மூக்குத்தி வெறும் வெள்ளைப் பொட்டு. கணக்குப் போட்டேன்: கிராப் கேமராவில், ஒரு மீட்டரில், எஃப்/1.2 வைத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் மொத்தமே 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதில் பாதிதான் கண்ணுக்கு முன்பக்கம். மூக்குத்திக்கு அது போதாது. பாட்டியின் முகத்தில் மூக்குத்தி இல்லாவிட்டால் அது யாரோ ஒரு கிழவியின் படம்.

என் மலிவு லென்ஸை மாட்டி எஃப்/2.8 வைத்தேன். ஆழம் 4 சென்டிமீட்டருக்கு மேல் போனது. கண், மூக்குத்தி, அதில் நடுக்கல்லைச் சுற்றிய சின்னக் கற்கள், எல்லாம் வந்துவிட்டன. முருங்கை மரமும் போதுமான அளவு மங்கியது, ஏனென்றால் அது தள்ளி இருந்தது.

அதே எஃப்/2.8இல் மாமாவின் லென்ஸிலும் எடுத்தேன். இரண்டு படங்களையும் ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு மிஸ்ஸிடம் காட்டி, எது எந்த லென்ஸ் என்று கேட்டேன். தப்பாகச் சொன்னார். (இதை அவர் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.) ஏ3க்கு 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 17 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். அந்த அளவில், அந்த அப்பர்ச்சரில், பத்து மடங்கு விலையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்னொன்றும் கவனித்தேன். எஃப்/1.2 எல்லில் எஃப்/2 பக்கம் வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் கண்ணை விட்டுக் கொஞ்சம் பின்னால் நழுவுகிறது. கேமரா ஃபோகஸ் பிடிப்பது லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும்போது, படம் எடுப்பது அப்பர்ச்சர் சுருங்கிய பிறகு. கண்ணாடியின் ஓரத்தில் வரும் ஒளியும் நடுவில் வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராததால் வரும் கோளாறு இது. அந்த லென்ஸுக்கு இது ஊரறிந்த குணம். மாமாவிடம் சொன்னேன். "அதனால்தான் நான் ஒன்று 1.2இல் எடுப்பேன், இல்லாவிட்டால் 4இல்" என்றார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம் ஷீட்டுக்கு எப்படிப் போனது என்பதுதான் முக்கியம். மார்க் போடும் அளவுகோல்களான நான்கு அசெஸ்மென்ட் ஆப்ஜெக்டிவும் உங்களுக்கு மனப்பாடம், திருப்பிச் சொல்லவில்லை. இரண்டாவதில் 'தேடிப் பார்த்து, பொருத்தமானதைத் தேர்ந்தெடு' என்கிறதே, எல்லாரும் அங்கே ஃபோட்டோஷாப் ஃபில்டர் பத்து ஒட்டி நிரப்புகிறார்கள். நான் ஒட்டியது:

– பாட்டி, எஃப்/1.2. மூக்குத்தியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். "அழகு, ஆனால் நகை போய்விட்டது. வேண்டாம்."
– பாட்டி, மலிவு லென்ஸ், எஃப்/1.8. "ஓரம் மென்மை. தலைமுடியில் ஊதா விளிம்பு."
– பாட்டி, இரண்டு லென்ஸும், எஃப்/2.8, பக்கத்தில் பக்கத்தில்.
– கண் மட்டும் வெட்டி எடுத்த துண்டுகள், வரிசையாக.
– கடைசியில் ஒரே வரி: இனி எல்லாம் மலிவு லென்ஸ், எஃப்/2.8, ஏன் என்று.

கையால் எழுதுங்கள். டைப் அடித்து ஒட்டினால் கடைசி வாரத்தில் செய்தது போல இருக்கும் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்).

அப்புறம் பின்னணி. எஃப்/1.2 வாங்க ஆசைப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி எடுப்பவர்கள். சுவர் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இருந்தால் எந்த லென்ஸாலும் அதை முழுசாகக் கரைக்க முடியாது. ஆளை நான்கு அடி முன்னால் வரச் சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. 15 மணி நேரத் தேர்வில் ஸ்கூல் வராந்தாவில்தான் எடுத்தேன். தோழியை வராந்தா முனையில் நிறுத்தி, பின்னால் முழு வராந்தா நீளத்தையும் விட்டேன். டியூப் லைட்டுகள் வரிசையாக மங்கி வட்டம் வட்டமாக விழுந்தன. மலிவு லென்ஸ்தான், ஏழு இதழ் அப்பர்ச்சர்தான்.

பர்சனல் இன்வெஸ்டிகேஷனுக்கு (நாமே தலைப்பு எடுத்து ஆராய்ந்து செய்யும் பகுதிக்கு) வருகிறேன். பாதி மார்க் அதில் இருக்கிறது. 1000 முதல் 1500 வார்த்தை எழுத்துப் பகுதியில் என்ன எழுதுவது என்று திணறுகிறவர்களுக்கு: நீங்கள் லென்ஸில் தடுமாறியதையே எழுதுங்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. போர்ட்ரெய்ட் லென்ஸ் என்ற தனி ஜாதியே 1840இல் பெட்ஸ்வால் என்ற கணித மேதை வியன்னாவில் கணக்குப் போட்டு, ஃபோக்ட்லேண்டர் கம்பெனி செய்து விற்றதில் தொடங்குகிறது. எஃப்/3.6. அதற்கு முன்னால் இருந்தவை ஏறக்குறைய எஃப்/15. ஒரு முகத்துக்காக நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த நிலைமை மாறியது அதனால்தான். அதுவும் நடுவில் கூர்மை, ஓரத்தில் சுழன்று கரைகிற லென்ஸ். இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் மங்கல், அன்று வெளிச்சத்துக்காகச் சகித்துக்கொண்ட பக்க விளைவு.

எழுத்துப் பகுதிக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற போட்டோகிராஃபரை நான் எடுத்துக்கொண்டேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கியவர். ஃபோகஸ் தெளிவாக இல்லை என்று அந்தக் காலத்து போட்டோகிராஃபர்கள் திட்டினார்கள். கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய்த் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார், 1879இல் அங்கேயே இறந்தார். பாடப்புத்தகத்தில் வரும் பெயர்தான், ஆனால் நம் கதைக்கு இவ்வளவு பக்கத்தில் வருபவர் வேறு யார்?

அவருக்கு எதிரில் நான் வைத்தது எங்கள் வீட்டுப் படம். மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் படங்கள் இருக்கின்றன, 1860களில் எடுக்கத் தொடங்கியவை. பாட்டியின் தாத்தா படத்தின் நகல் எங்களிடம் உண்டு. அதில் மங்கல் எதுவும் கிடையாது. முகம், சட்டை மடிப்பு எல்லாம் ஒரே கூர்மை, அதிகாரிக்கு அடையாளம் தெரிந்தால் போதும் என்று எடுத்த படம். யார் முகத்தை மென்மையாக எடுத்தார்கள், யாரை அப்படியே பதிவு செய்தார்கள் என்ற கேள்வியில் என் முழு இன்வெஸ்டிகேஷனும் நின்றது. பாட்டியின் மூக்குத்தி ஏன் கூர்மையாக இருக்க வேண்டும், ஆனால் பின்னால் இருப்பது ஏன் கரைய வேண்டும் என்பதற்கும் எனக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. லென்ஸ் முடிவும் எழுத்துப் பகுதியும் ஒன்றோடொன்று பேசினால் மூன்றாவது ஆப்ஜெக்டிவ் (ஆராய்ந்து யோசனையை வளர்ப்பது) தானாக நடக்கும்.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன்: என் அறிவுரை என்னைப் போன்ற கூச்ச சுபாவக்காரர்களுக்கு. நான் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசி, டீ குடித்து, அப்புறம்தான் கேமராவை எடுப்பேன். 160 கிராம் லென்ஸைப் பார்த்து யாரும் விறைத்துக்கொள்வதில்லை. பெரிய கண்ணாடியை நீட்டினால் பாட்டியே புடவைத் தலைப்பைச் சரிசெய்யத் தொடங்கிவிடுகிறார். கூட்டத்தில் புகுந்து எடுக்கிற ஆள் நீங்கள் என்றால் உங்கள் கணக்கு வேறு.

விலை உயர்ந்தது உண்மையிலேயே வேண்டியவர்கள்:

– தீம் கோவிலுக்குள், விளக்கு வெளிச்சத்தில் என்றால். எஃப்/1.2, எஃப்/1.8ஐ விட 2.25 மடங்கு வெளிச்சம் தரும். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன், ஏற்ற ஏற்றக் கருப்பில் புள்ளி தெறிக்கும்) 3200 வைக்க வேண்டிய இடத்தில் 1400 பக்கம் போதும். மண்டபத்துக் கருப்பு கருப்பாகவே இருக்கும்.
– தேர்வுக்குப் பிறகு கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறவர்கள். அது முதலீடு, பேச்சே இல்லை.
– தூசி, மழை, பால் தெறிக்கிற இடத்தில் நிற்கிறவர்கள். எஃப்/1.2 எல்லில் ஈரம் புகாத ரப்பர் வளையம் உண்டு, முன்னால் ஒரு ஃபில்டரும் மாட்டினால்தான் அது முழுமை.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு: க்யூர்பிப், வாக்வா போன்ற ஈரமான ஊர்ப் பக்கத்து வீடுகளில் அலமாரிக்குள் இருந்த லென்ஸ் என்றால் டார்ச் அடித்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டால் சிலந்தி வலை போல இழை தெரியும், அது பூஞ்சை. விலை உயர்ந்த லென்ஸ் என்பதால் பூஞ்சை தயவு காட்டாது. வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

காவடியை எடுக்கப் போகிறவர்கள்தான் எஃப்/1.2 வேண்டும் என்று அதிகம் அலைகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில், நடுக் கோடையில். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தாலும் எஃப்/1.2க்கு ஷட்டர் நொடியில் 17,000இல் ஒரு பங்கு பக்கம் கேட்கும். நம்மிடம் இருக்கும் கேமராக்களில் 4000 அல்லது 8000தான் உச்சம். என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) இல்லாமல் அந்த அப்பர்ச்சரைத் திறக்கவே முடியாது. எஃப்/2.8 என்றால் 3200 பக்கம், சாதாரணக் கேமராவுக்குள் அடங்கும். கன்னத்தில் குத்திய வெள்ளி வேல் வெயிலில் பளிச்சென்று அடிக்கும்போது, முழுக்கத் திறந்த பெரும்பாலான லென்ஸ்களில் விளிம்பில் ஊதாக் கோடு விழும். பின்னால் காவடி எடுப்பவர்களின் ரோஜா நிற உடுப்பு இருந்தால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வானம் இருந்தால் அப்பட்டமாகத் தெரியும். எஃப்/4க்குச் சுருக்கினால் பெரும்பாலும் போய்விடும். கோர் த கார்த் மலைக்கோவில் படிக்கட்டில் நான் எடுத்தவை எல்லாம் எஃப்/4தான்.

அதனால் காவடிக்காக எஃப்/1.2 வேண்டாம். பாலும் மழையும் புகுந்துவிடும் என்று பயந்து அதையே இரவல் வாங்குவதாக இருந்தால் டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள். தைப்பூச வாரத்தில் போய் நின்றால் மாமா உள்பட யாரும் தரமாட்டார்கள், அன்றைக்கு அவர்களே கேமராவோடு கோவிலில் இருப்பார்கள்.