எதிர்விசை: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

நவம்பர் 6

கண்புரை அறுவையைச் சிமுலேட்டரில் பழகிவருகிறேன்; இல்லாத கண்ணைத் தொடும் உணர்வை மோட்டார்களின் எதிர்விசையால் கைக்குத் தரும் கருவி அது. வெண்விழிப்படலத்தில் கத்தி எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதைத் தவிர வேறெதிலும் இன்று மனம் நிற்கவில்லை. கருவிழியின் விளிம்பை ஒட்டி அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பாதி ஆழத்தைத் தாண்டாமலும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் கிரசென்ட் பிளேடு என்னும் பிறைக்கத்தியை நகர்த்தி, புரையை வெளியே எடுக்க 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்திற்கு டனல், அதாவது ஒரு சுரங்கவழி, அமைக்க வேண்டும். மேலாகப் போனால் கூரை கிழிந்து பொத்தல் விழும். ஆழமாகப் போனால் கத்தி உரிய இடத்திற்கு முன்பே கண்ணுக்குள் இறங்கிவிடும். சரியாக அமைந்தால் கண்ணின் உள்ளழுத்தமே வாயை அடைத்துக்கொள்ளும், தையல் வேண்டாம். சிமுலேட்டரின் பிடியில் இன்று அந்தத் தளம் எனக்குப் புலப்பட்டது. படல அடுக்குகளின் நடுவே சேர்ந்ததும் எதிர்ப்பு ஒரே சீராகிவிடுகிறது. மணிக்கட்டை வற்புறுத்த வேண்டியதில்லை.

நவம்பர் 7

கண்ணில் புரை விழுந்திருக்கும் ஆச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "ஏட்டி, நீ பண்ணுதேன்னு சொல்லு, வாரேன். வேற ஆருகிட்டயும் நான் கண்ணைக் காட்டமாட்டேன்." நான் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 9

வலக்கைப் பிடி மறுபடியும் அதிர்ந்தது. இமையை விரித்து வைக்கும் கம்பியில் கத்தியின் முதுகு படும்போதெல்லாம், இரும்பைத் தொட்ட உணர்வுக்குப் பதிலாகக் கைக்குள் ஒரு ரீங்காரம் எழுகிறது. கருவியைப் பார்க்க வந்த பொறியாளர் பொறுமையாக விளக்கினார். திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறினால் கண் அதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் விரல் நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகளையும் உணரக்கூடியது என்பதால், எதிர்விசையை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கணக்கு சற்றே பிந்தினாலும், அதற்குள் கை அந்த இல்லாத இரும்புக்குள் நுழைந்துவிடும். பிந்தி வந்த விசை அளவுக்கு மீறித் தள்ளும், கை வெளியே துள்ளும், மீண்டும் நுழையும். அதுதான் அந்த ரீங்காரம். விறைப்பைக் குறைத்தால் நடுக்கம் நின்றுவிடும், ஆனால் இரும்பு ரப்பராகிவிடும் என்றார்.

1994இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் மேசியும் கென்னத் சாலிஸ்பரியும் ஃபேன்டம் என்ற எதிர்விசைக் கருவியைப் பற்றி எழுதியபோது, விரல் நுனியை ஒரு சிறு உறைக்குள் நுழைத்து, இல்லாத பொருளைத் தொட்டறிய முடியும் என்று காட்டினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விறைப்பான பொருளின் தொடுகைதான் கடினமாக இருக்கிறது. மென்மையைப் போலச் செய்வது எளிது. அதனாலேயே மென்மை உண்மையானதுதானா என்று நான் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 10

மழை. கூடம் பூட்டிக்கிடந்தது.

நவம்பர் 13

தலைமை மருத்துவரிடம் இன்று பேசியே விட்டேன். லென்ஸைச் சுற்றியுள்ள உறையின் பின்பக்கமான பின்னுறையை முனை தொடும்போது சிமுலேட்டர் கையில் ஒரு சிறு இழுப்பைத் தருகிறது. பயிற்சி பெறுபவரை எச்சரிப்பதற்காக வேண்டுமென்றே வைத்தது. அது இருக்கக் கூடாது என்பது என் கருத்து. பின்னுறையின் மெல்லிய பகுதி 4 மைக்ரான் அளவே. உண்மையான கண்ணில் அது கிழியும்போது கை எதையும் அறிவதில்லை. கருவிழிக்குப் பின்னாலுள்ள முன்னறை திடீரென்று ஆழமாவதையும், கண்மணி சட்டென விரிவதையும் கண்தான் பார்க்கிறது. விழித்திரை நுண்ணறுவையைப் பற்றி 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அங்கே எழும் விசைகளில் நான்கில் மூன்று பங்கு 7.5 மில்லிநியூட்டனுக்கும் கீழ் என்றும், அந்த அளவில் எழுந்தவற்றில் 19 விழுக்காட்டை மட்டுமே மருத்துவரின் கை உணர்ந்தது என்றும் அளந்திருக்கிறார்கள். 7.5 மில்லிநியூட்டன் என்பது ஒரு கிராமின் எடைகூட ஆகாது.

அப்படியிருக்க, வராத ஒன்றை வரும் என்று கைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படிப் பயிற்சியாகும்? அந்த இழுப்புக்குப் பழகியவர் நாளை நோயாளியின் கண்ணுக்குள்ளும் அதற்காகக் காத்திருப்பார். காத்திருக்கும் அந்த நேரத்தில் பார்வை தளரும். வெண்விழிப்படலத்தில் கத்தி நகரும்போது கைக்கு உண்மையாகவே செய்தி வருகிறது, அங்கே கருவி முழு நேர்மையோடு பேசட்டும். பின்னுறையில் கண் மட்டுமே வழிகாட்டி, அங்கே கருவி வாய் திறக்கக் கூடாது. இதை இவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் பேசியதில்லை. முழுதும் கேட்டுக்கொண்ட மேம், "எழுதிக் கொடு, பொறியாளரிடம் அனுப்புகிறேன்" என்றார்.

நவம்பர் 14

எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதுவதற்காகப் பழைய ஆய்வுகளைப் புரட்டியபோது வேறொரு கேள்வி வந்து சேர்ந்தது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தினர் 16 பயிற்சி மருத்துவர்களை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மெய்நிகர்ப் பயிற்சி தந்தபோது, அவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் பணியை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பிருந்தது. பிரிட்டனில் 2009இல் 4.2 விழுக்காடாக இருந்த பின்னுறைக் கிழிவு, முதலிரண்டு ஆண்டுப் பயிற்சி மருத்துவர்களிடையே 2015இல் 2.6ஆகக் குறைந்ததற்கும் கண் சிமுலேட்டர்களே பெரிதும் உதவியதாகச் சொல்கிறார்கள். இவ்விரண்டிலும் பயன்பட்ட கருவிகள் மோட்டார் வைத்து எதிர்விசை தருபவை அல்ல! ஆகவே எதிர்விசை இல்லாமலே பெரும்பகுதியைக் கற்கலாம். எஞ்சிய பகுதிக்காகத்தான் இவ்வளவு விலை கொடுத்து இந்த மோட்டார்களை வாங்குகிறோம் என்றால், அந்த எஞ்சிய பகுதி பொய்யாக இருக்கவே கூடாது.

நவம்பர் 16

அம்பாசமுத்திரம் போய்வந்தேன். ஆச்சியின் இடக்கண்ணில் புரை பழுப்பேறி இறுகிவிட்டது. முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் மட்டும் எண்ணிச் சொல்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். மொட்டுகளை அவள் பார்க்கவே இல்லை. இரண்டிரண்டாகக் காம்பு மாற்றி வைத்து, நாரைச் சுற்றி, ஒருமுறை இழுத்துப் பார்த்து அடுத்ததற்குப் போனாள். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் கோயில் வாசல் போவதற்குள் உதிர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு, என் கையில் நாரைக் கொடுத்தாள். நான் கட்டிய முழத்தை விரலால் தடவி, "இந்த எடத்துல இறுக்கிட்டியே" என்று சரியாகச் சொன்னாள். வேறு யாரிடமும் கண்ணைக் காட்டமாட்டேன் என்ற பிடிவாதம் மட்டும் மாறவில்லை. இப்படியே விட்டால் அந்தப் புரை கண்ணுக்குள் உருகிக் கசிந்து அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் கேட்கவில்லை. கோபமாக வந்தது. திரும்பும் வழியில் பேருந்தில் யாருடனும் பேசவில்லை.

நவம்பர் 18

மேலப்பாளையத்துக் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்கண்கள் வந்தன. கருவிழி மங்கி, கண் தளர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். டனல் போடும்போது கை உணர்ந்ததை அங்கேயே தாளில் குறித்துக்கொண்டு, உடனே சிமுலேட்டரில் உட்கார்ந்து ஒப்பிட்டேன். கத்தியைத் திருப்பும் மூலைகளில் கருவி தரும் எதிர்ப்பு குறைவு. நடுப்பகுதி ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

நவம்பர் 20

தூக்கம் வரவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியை நினைத்துக்கொண்டிருந்தேன். 1918இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில், அன்றைய நம் திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு, கத்தி பிடிக்கவே புதிதாகக் கற்றுக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். எந்த மோட்டாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதற்காகக் கருவி வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. தொடக்கத்தில் ஏற்படும் தவறுகளை ஒரு விவசாயியின் கண் தாங்க வேண்டியதில்லை என்ற ஒரே காரணம் எனக்குப் போதும்.

நவம்பர் 22

பின்னுறை இழுப்பை நிறுத்திவிட்டார்கள். முதலில் எல்லோருடைய மதிப்பெண்ணும் இறங்கியது. என்னுடையதும்தான். மாலைக்குள் எல்லோரும் முன்னைவிட நுண்ணோக்கியை ஊன்றிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அளவற்ற மகிழ்ச்சி.

நவம்பர் 24

பட்டியல் ஒட்டப்பட்டது. வியாழக்கிழமை எனக்கு டனல் மட்டும். மீதியை மேம் செய்வார். நோயாளி மானூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெரியவர். ஆச்சிக்கு இது போதாது என்று தெரியும். ஆனாலும் அழைத்து, சொந்தக்காரர் கண்ணை முதலில் எனக்குத் தரமாட்டார்கள், மேம் செய்வார், நான் பக்கத்திலேயே நிற்பேன் என்று சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. "நின்னா சரி" என்றாள்.

நவம்பர் 26

மாலையில் பெரியவரைப் பார்த்தேன். கண்ணைச் சோதித்தபோது எனக்கு ஒரே கவலை. சிமுலேட்டரில் எங்களுக்குக் கிடைப்பது ஒரே விறைப்புள்ள வெண்விழிப்படலம். மனிதர்க்கு மனிதர் அது மெலிந்தும் கெட்டித்தும் இருக்கிறது, வயதோடு மாறுகிறது. ஒவ்வொரு முறையும் விறைப்பைச் சொல்லாமல் மாற்றி வைக்கும்படி பொறியாளருக்கு இன்றிரவே எழுதியாக வேண்டும். மூலைகளில் எதிர்ப்பு குறைவதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். அறுவைக்கூடத்தில் காலை ஏழு மணிக்கு இருக்க வேண்டும்.