மத்தியானச் சாப்பாடும் சோனாரும்

லீவில் தூத்துக்குடிக்குப் போனால் யாராவது கேட்பார்கள், "தம்பி, நேவில உனக்கு என்ன வேல?" நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகிற வேலை என்பேன். "எத்தன புடிச்சிருக்க?" என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் ஊரில் கடலில் எதைத் தேடினாலும் மீன் கணக்குதான். உண்மையில் அந்த வேலையில் என் முதல் சில வருடங்கள், கேட்கிற சத்தம் எதுவும் நீர்மூழ்கி இல்லை என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்தன.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு, எழிமலை அகாடமி, கொச்சியில் பயிற்சிக் கப்பல், இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கப்பல்கள் மோதாமலிருக்க 1972-இல் வகுத்த சர்வதேச விதிகளை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பள்ளியில் திருக்குறள் ஒப்பித்த நாக்கு அதற்குக் கைகொடுத்தது. ஆனால் ஒப்பித்தால் மட்டும், கப்பலைத் தனியாகப் பொறுப்பேற்று ஓட்ட அனுமதிக்கிற வாட்ச்கீப்பிங் சான்றிதழ் கிடைத்துவிடாது. நள்ளிரவு முதல் நாலு மணி வரை, கேரளக் கரையோரம் நூறு மீன்பிடிப் படகுகள் விளக்கோடு மிதக்கும்போது, கப்பலை ஓட்டுகிற மேல்தளமான பிரிட்ஜில் இவனை நம்பி விட்டுவிட்டுத் தூங்கலாம் என்று கேப்டனுக்குத் தோன்ற வேண்டும். என்மேல் அந்த நம்பிக்கை வரக் கொஞ்சம் நாளானது.

அப்புறம் சில வருடம் கழித்து, எதில் சிறப்புப் பயிற்சி வேண்டும் என்று கேட்டார்கள். பீரங்கி-ஏவுகணை, வழிசெலுத்தல், தகவல் தொடர்பு, நீர்மூழ்கி எதிர்ப்பு. நான் முதலில் எழுதியது வழிசெலுத்தல். கிடைத்தது கடைசியில் எழுதியது. பீரங்கி கிடைத்தவன் மெஸ்ஸில் பார்ட்டி வைத்தான். எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கொச்சியில் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. முதல் வாரத்தில் குக்ரி பற்றி நடத்தினார்கள். 1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே, பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் (நீருக்கடியில் பாய்கிற குண்டு) ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். அந்தக் கப்பல் நீர்மூழ்கியைத் தேடி அழிக்கவே கட்டப்பட்டது என்பதைப் பயிற்றுநர் இரண்டு முறை சொன்னார். வகுப்பில் யாரும் குறிப்பெடுக்கவில்லை.

மிச்ச நாளெல்லாம் சத்தம்தான். கடலுக்குள் ஒலியை அனுப்பி, எதில் பட்டு எதிரொலி திரும்புகிறது என்று கேட்கிற கருவிதான் சோனார். கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். வெந்நீரில் இன்னும் வேகமாக, குளிர்ந்த நீரில் மெதுவாக. எந்தப் பக்கம் மெதுவோ அந்தப் பக்கமாக வளையும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் படிப்பு முடிந்தது. மீதிப் பாதி ஹெட்போனில். கரையோரத்தில் ஒருவகை இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓயாமல் கேட்கும். பழைய கப்பலின் சிதைவு, திமிங்கலம், மீன் கூட்டம், கடலடிப் பாறை எல்லாமே எதிரொலி தரும். எதிரொலியின் சுதி கொஞ்சம் ஏறியிருந்தால் அந்தப் பொருள் நம்மை நோக்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. ரயில் ஹாரன் கதைதான்.

பயிற்றுநர் ஒரு பழைய கதை சொன்னார். 1930-களில் அமெரிக்கக் கடற்படை சோனாரைச் சோதித்துக்கொண்டிருந்தது. காலையில் நன்றாகக் கேட்டது, மத்தியானம் ஆனால் படுத்துவிட்டது. ஆபரேட்டர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறார்கள் என்று நினைத்தார்களாம். கடைசியில் பார்த்தால் வெயில். மேல் சில மீட்டர் தண்ணீர் சூடாகி, ஒலி முழுவதும் கீழே வளைந்துவிடுகிறது. ஒலி வளைந்து இறங்குகிற இடத்துக்கு அப்பால் இருக்கிற நீர்மூழ்கி நிழலில் நிற்கிற மாதிரி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

படிப்பு முடிந்து ஒரு போர்க்கப்பலில் நீர்மூழ்கி எதிர்ப்பு அதிகாரியாகப் போனேன். சோனார் அறை இருட்டு; வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே கருவிகளுக்காக ஓடுகிற ஏ.சி.யில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்போம். முதல் பெரிய பயிற்சி, எங்கள் கடற்படை நீர்மூழ்கி ஒன்றுடன். காலை பத்து மணிக்கு 6000 கெஜத்தில் பிடித்துவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை மணிக்குப் பிடி நழுவியது. திரையில் ஒன்றும் இல்லை. ஹெட்போன் போட்டிருந்த மாலுமி, லீடிங் சீமேன் பதவியில் இருந்த ஒடிசாக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாயா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் கண்ணைத் திறந்து, "நோ, சார்" என்றார். அவ்வளவுதான். நான் பிரிட்ஜில் சொல்லி வேகத்தைக் கூட்டித் தேடச் சொன்னேன். வேகம் கூடினால் நம் கப்பலின் இரைச்சலிலேயே காது அடைத்துப்போகும் என்பது முதல் மாதப் பாடம்.

இருபது நிமிடம் கழித்து வலது பக்கத்தில் பச்சை வெளிச்சக் குண்டு எழும்பியது. பயிற்சிக் கணக்கில், எங்கள் மேல் டார்பிடோ விட்டாகிவிட்டது என்று அர்த்தம். நீரடித் தொலைபேசியில் நீர்மூழ்கிக்காரரின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இழுத்து இழுத்து, குட் ஆஃப்டர்நூன் சொன்னது.

மாலுமிகளில் மூத்தவரான மாஸ்டர் சீஃப் ஆலப்புழைக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாரே, கடலோட வெப்பநிலை எப்போ எடுத்தது?" காலை ஏழு மணிக்கு. மெல்லிய செம்புக் கம்பியோடு ஒரு சிறு கருவியைக் கடலில் போட்டால், இறங்க இறங்க ஆழத்துக்கு ஆழம் வெப்பம் காட்டும். போட்டது திரும்ப வராது என்பதால் சிக்கனம் பார்த்திருந்தேன். அவர் அப்போதே ஒன்றைப் போடச் சொன்னார். வரைபடத்தில் மேல்பகுதி காலையில் நேர்கோடாக இருந்தது. இப்போது நன்றாகச் சாய்ந்திருந்தது. நான் சிரித்த அதே கதை.

கரைக்கு வந்ததும் இரண்டு கப்பல்களின் தடங்களையும் ஒரே தாளில் வரைந்தார்கள். தொலைந்ததாக நாங்கள் நினைத்த நேரத்தில் 3000 கெஜத்துக்குள்தான் அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அன்றிரவு டீ எடுத்துக்கொண்டு லீடிங் சீமேனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார், அன்று அவரை மாற்றிவிட ஆளே வரவில்லையாம். மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.