1800 விநாடி

2010இல் மட்டக்களப்பில் ஒரு சிறிய கொம்பனியில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். பதினான்கு கணினிகள், ஒரு சேர்வர். சேர்வர் என்றதும் குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பகுதி அக்காவின் கதிரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற பழைய பெட்டி அது. உள்ளே ரெட் ஹாட் லினக்ஸ் 9 என்ற இயங்குதளம். வெளிவந்தது 2003இல், ஆதரவு முடிந்தது 2004 ஏப்ரலில். மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு, ஸ்குவிட் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக எல்லோருக்கும் இணையம், மூன்றும் அதன் தலையில்.

பெட்டியின் பக்கவாட்டில் எனக்கு முன் இருந்தவர் ஒரு தாளை ஒட்டியிருந்தார். ‘நேரத்தை இணையத்திலிருந்து எடுக்க வேண்டாம்.’ ஏன் என்று எழுதவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு உள்ள திமிரில், கணினி இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுக்கும் முறையான என்.ரி.பி. இவருக்குத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கரண்ட் போனது, யூ.பி.எஸ்.ஸும் கைவிட்டது. திரும்ப எழும்பிய சேர்வர் 2002 ஜனவரி முதலாம் திகதி என்றது. மதர்போர்ட்டின் பற்றரி செத்துவிட்டது. மணிக்கூடு திருத்தும் கடையில் சீ.ஆர். 2032 ஒன்று வாங்கிப் போட்டு, தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இணையத்திலிருந்தே நேரத்தை எடுத்தேன். இனி இரவு இரண்டு மணிக்கு அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரோனிலும் எழுதி வைத்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கந்தோரே கலகலப்பாகிவிட்டது. பொழுதுபோக்குத் தளங்கள் பகல் 12 முதல் 1 மணி வரைதான் திறக்க வேண்டும் என்று ஸ்குவிட்டில் ஒரு விதி இருந்தது. அது அரை மணி முந்தித் திறந்துவிட்டது. ஒருவரும் வந்து சொல்லவில்லை, சொல்வார்களா? மூன்றாம் நாள் மனேஜர் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. சேர்வரின் மணி சுவர் மணிக்கூட்டைவிட முப்பது நிமிடம் முன்னால் ஓடியது.

கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். இரவு கிரோன் ஓடியதும் மறுபடி முன்னால். சரி, கிரோன் வேண்டாம், என்.ரி.பி. சேவையையே நிரந்தரமாக ஓட விடுவோம் என்றால், அது தொடங்கிய சில நிமிடங்களில் தானாகவே நின்றது. நடந்ததை அது எழுதிவைக்கும் லொக்கைப் பார்த்தேன். கடிகாரத்தைக் கையால் சரிசெய் என்று ஏதோ இருந்தது. அதைத்தானே தினமும் செய்கிறேன்! ஒரு கிழமை இப்படியே, காலையில் வந்து கதிரையில் இருக்க முதல் நேரத்தைத் திருத்துவது என் வேலையாகிவிட்டது.

எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. லினக்ஸ் பயனர் குழு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வோம், மொத்தம் பத்துப் பேர் வராது. கனோனிக்கல் என்ற கொம்பனி அந்நாளில் உபுந்து என்ற லினக்ஸ் சீடிகளைத் தபாலில் இலவசமாக அனுப்பும். அந்தச் சீடிகளைக் கைமாற்றியே பழக்கமானவர்கள். கல்முனையில் இருவர், அக்கரைப்பற்றில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் கூப்பிடுவோம்), மிச்சப் பேர் ரவுணில். மாதத்தில் ஒரு ஞாயிறு கல்லடிக் கடற்கரையில் கூடுவோம். மற்ற நாட்களில் போன்தான்.

அந்த ஞாயிறு நான் கதையைத் தொடங்கியதே பிழையான இடத்தில். “இணையத்தில இருக்கிற நேர சேர்வர் எல்லாம் அரை மணி பிழை” என்றேன். கல்முனைத் தம்பி, வேறு நாட்டுச் சேர்வரைப் போட்டுப் பாருங்கள் என்றான். திங்கட்கிழமை சிங்கப்பூரைப் போட்டேன், யப்பானைப் போட்டேன். எல்லாமே அதே அரை மணி. உலகம் முழுவதும் கூடிப் பேசி எங்கள் கந்தோரை மட்டும் ஏமாற்றுகிறதா?

அன்று பின்னேரம் காக்காவுக்கு எடுத்தேன். அவருக்குப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் வேலை. சேர்வர் வேலை சம்பளத்துக்குச் செய்தவரல்ல. நான் மறுபடியும் நேர சேர்வர்களைத் திட்டத் தொடங்க, இடையில் மறித்தார்.

“தம்பி, நீங்க நினைக்கிறத விடுங்க. லொக்குல என்ன இரிக்கி எண்டு ஒரு எழுத்து விடாம வாசிங்க.”

வாசித்தேன். 1800 விநாடித் திருத்தம் தேவைப்படுகிறது, அது 1000 என்ற எல்லையைத் தாண்டுகிறது, கடிகாரத்தைச் சரியான யூ.ரி.சி. நேரத்துக்குக் கையால் வைக்கவும். வாசித்து முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. ஒரு கிழமையாக அந்த வரியில் ‘கையால்’ என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த ‘யூ.ரி.சி.’, அதாவது உலகப் பொது நேரம், கண்ணில் படவேயில்லை.

“இப்ப டேட் கட்டளைக்குப் பின்னால மைனஸ் யூ போடுங்க. என்ன மணி?”

அப்படிப் போட்டால் யூ.ரி.சி. மணி வரும். அது சொன்ன மணிக்கும் சுவர் மணிக்கும் சரியாக ஆறு மணித்தியால வித்தியாசம். இலங்கைக்கு ஐந்தரைதான்.

ஒரு நாட்டு நேரம் யூ.ரி.சி.யிலிருந்து எவ்வளவு தள்ளி, எப்போது மாறியது என்பது கணினியில் நேரவலயக் கோப்பாக இருக்கும். அதில் கொழும்பின் மாற்றங்களை இசட் டம்ப் என்ற கட்டளையால் எடுத்துப் பார்க்கச் சொன்னார். என் மடிக்கணினியில் கடைசி மாற்றம் 2006 ஏப்ரல் 15, இலங்கை ஐந்தரைக்குத் திரும்பிய நாள். சேர்வரில் கடைசி மாற்றம் 1996 ஒக்டோபர். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்தப் பெட்டிக்கு இலங்கை இன்னும் ஆறு மணி நேரத்திலேயே இருந்தது.

எனக்கு முன் இருந்தவரின் தாளும் அப்போதுதான் விளங்கியது. நேரவலயக் கோப்பு பழையது என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே இருந்த உண்மையான கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு இழுத்து, வெளியே தெரியும் மணியைச் சரிக்கட்டியிருந்தார். ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடினார், இரண்டும் சேர்ந்து சரியாகத் தெரிந்தது. ஆனால் மின்னஞ்சல் ஏமாறவில்லை, அதோடு யூ.ரி.சி. வித்தியாசமும் சேர்ந்தே போகும். எங்கள் பதில்கள் கேள்விக்கு முந்தியே வந்து நிற்கின்றன என்று கொழும்பிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பல தடவை சொன்னாராம். அதை எல்லோரும் பகிடி என்றே எடுத்திருந்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது வேறு காரணத்துக்கு. அரை மணி என்றதுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் அரசாங்கம் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணி குறைத்தது, மிச்ச அரை மணி பத்து வருடம் அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதை ஏற்கவில்லை. அம்மம்மா வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைத் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறும்போது அரசாங்கப் பக்கமான எழுவான்கரையில் ஒரு நேரம், புலிகளின் பக்கமான படுவான்கரையில் இறங்கினால் அரை மணி குறைவு. அம்மம்மாவின் சுவர் மணிக்கூட்டை அந்தப் பத்து வருடமும் ஒருவரும் தொடவில்லை. யார் நேரம் சொன்னாலும் “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்பது எங்களுக்குப் பழகிய பேச்சு. அதில் வளர்ந்தவன் 1800 விநாடியைப் பார்த்து யப்பானில் பிழை தேடியிருக்கிறேன்.

மிச்சம் சின்ன வேலை. மடிக்கணினியிலிருந்து கொழும்புக் கோப்பைப் பென் ட்ரைவில் எடுத்து, பழையதை வேறு பெயரில் வைத்துவிட்டு மாற்றினேன். இணையத்திலிருந்து நேரத்தை எடுத்தேன். சுவரும் சேர்வரும் ஒத்துப்போயின. என்.ரி.பி.யும் நிற்காமல் ஓடியது. ஆனால் மறுநாள் பதினொன்றரைக்கு இணையம் மறுபடியும் திறந்துகொண்டது! காக்காவுக்குப் போன்.

“ஸ்குவிட்ட நிப்பாட்டித் தொடங்கினீங்களா? அது எழும்பேக்க வாசிச்ச நேரவலயத்தையே பிடிச்சிக்கிட்டு இரிக்கும். கிரோனும் அப்படித்தான்.”

இரண்டையும் நிப்பாட்டித் தொடங்கினேன். அடுத்த நாள் பதினொன்றே முக்காலுக்குக் கணக்குப் பகுதி அக்கா கதிரையைத் திருப்பினார்.

“என்ன தம்பி, இண்டைக்கு இன்ரநெற் பிந்துது?”

“இல்ல அக்கா, இனிச் சரியா பன்ரெண்டுக்குத்தான். நேரத்தச் சரியாக்கிட்டன்.”

அவர் சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

“பழைய நேரமா, புது நேரமா?”