128 ஓட்டங்களும் ஒரு சனிக்கிழமை இரவும்

1962 பெப்ரவரியில் கொழும்பு ரோயல் கல்லூரிச் சிற்றுண்டிக் கடையான டக் ஷொப்பில் மாலுபணிஸ் என்ற மீன் பணிஸ் வாங்க வரிசையில் நின்றால், முன்னுக்கு நிற்பவன் திரும்பி, "பாஸ்வேர்ட்?" என்பான். "ஹோல்ட்பாஸ்ட்" என்று சொன்னால்தான் வழிவிடுவான். ஜனவரி 27, சனிக்கிழமை இரவு நடக்கவிருந்து நடக்காமல் போன இராணுவப் புரட்சியின் சங்கேதச் சொல் அது. தமிழ் மொழிப் பிரிவுப் பொடியன்கள் எங்களுக்கு அது விளையாட்டு. ஆசிரியர்களுக்குத்தான் முகம் கறுத்துப் போயிருந்தது. அந்தப் புரட்சித் திட்டத்துக்காகப் பிடிபட்ட கேணல் எப். சி. த சேரம் எங்கள் பழைய மாணவர் அல்லவா!

நாங்கள் அவரைக் கிரிக்கெட் துடுப்பாட்டக்காரராகத்தான் அறிந்திருந்தோம். ஒக்ஸ்போர்ட்டுக்குப் படிக்கப் போனவர், 1934இல் முதல்தர ஆட்டங்களில் முதன்முறை இறங்கியபோதே குளோஸ்டர்ஷயருக்கு எதிராக 176 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆண்டு அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக 128. ஊர் திரும்பிச் சட்டத்தரணியானார். பிறகு இலங்கை அணிக்கும் தலைவரானார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. சட்டத்தரணி பீரங்கிப் படை அதிகாரியானார். போர் முடிந்தும் காக்கி அவரை விடவில்லை. இராணுவத்தின் தொண்டர் படையில் கேணல் வரை உயர்ந்தார்.

என் பெரியப்பா கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு புரொக்டரிடம், அதாவது ஒரு சட்டத்தரணியிடம், கிளார்க். அவருக்கு அரசாங்கத்தின் மேல் பெரிய அன்பு ஒன்றும் கிடையாது. ஆனாலும், "சட்டம் படிச்ச மனுசன் இப்படிச் செய்யலாமோ?" என்று பேப்பரை மடித்து மடித்துப் புலம்புவார். திட்டம் கசிந்த கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வரும். ஒரு பொலிஸ் அதிகாரி மனைவியிடம் சொல்ல, மனைவி தகப்பனிடம் சொல்ல, தகப்பன் பொலிஸ் மாஅதிபரிடம் சொல்லிவிட்டார். "பீரங்கி வைச்சிருந்து என்ன, வீட்டுக்குள்ள வாய் இருக்கே!"

த சேரம் முழுப் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். புரட்சிக்குத் திட்டமிட்டவர்களைத் தண்டிப்பதற்கென்றே, பின்னோக்கிச் செல்லுபடியாகும் சட்டம் ஒன்றை அரசு கொண்டுவந்தது. குறைந்தபட்சம் பத்து ஆண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். குற்றஞ்சாட்டப்பட்டு எதிரிக் கூண்டில் நின்ற 24 பேரில் 11 பேருக்கு 1965 ஏப்ரலில் தண்டனை கிடைத்தது. அவர்களில் த சேரமும் ஒருவர்.

இதற்குப் பிறகு பெரியப்பாவின் பேச்சு மாறிவிட்டது. "ஆள் பிழைதான். சட்டம் அதைவிடப் பிழை" என்றார். அவ்வாண்டு டிசம்பரில் அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தச் சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைக்கிறது, செல்லாது என்று சொல்லி எல்லாரையும் விடுவித்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "அந்த 128ஐ எங்க அடிச்சவர் எண்டு சொன்னனீ?" என்று கேட்டார். அதுவரை துடுப்பாட்டம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

த சேரம் 1983 ஏப்ரலில் காலமானார். நான் அதற்குள் நாட்டை விட்டு வந்துவிட்டேன். பெரியப்பாவின் கடிதத்தில்தான் அறிந்தேன். அதில் புரட்சியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஓட்டக் கணக்குத்தான் இருந்தது.