பிச்சாவரத்தில் ஓர் உப்பு இலை

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்தை நான் அடைந்த காலையில், கால்வாய்களில் நீர் வற்றியிருந்தது. நீர் ஏறியிருந்தால் படகு எளிதாக நகர்ந்திருக்கும். ஆனால் அலையாத்திக் காட்டின் வேர்களைப் பார்த்திருக்க முடியாது.

வெண்கண்டல் மரங்களைச் சுற்றி, பென்சில்களை நட்டு வைத்தாற்போல் எண்ணற்ற வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நின்றன. அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் மிக அரிது என்பதால், இவ்வேர்கள் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் வழியாக மூச்சு விடுகின்றன. நீர் மூடியிருக்கையில் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்து துளைகள் வெளிப்பட்டதும் வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது.

ஓடக்காரர் ஓர் இலையைப் பறித்துக் கொடுத்து, "நாக்குல வச்சுப் பாருங்க சார்" என்றார். கரித்தது. வேரையும் மீறி உள்ளே வந்துவிட்ட உப்பை, வெண்கண்டல் தன் இலைச் சுரப்பிகளால் வெளியேற்றிவிடுகிறது. எதிர்க்கரையில், வளைந்த முட்டு வேர்களை ஊன்றி நின்ற சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. ஒரே நீரைக் குடிக்கும் இரு மரங்களில், பகையை வாசலிலேயே மறிக்கும் சுரபுன்னையைவிட, உள்ளே விட்டபின் வெளியேற்றும் வெண்கண்டலே எனக்குக் கெட்டிக்காரியாகத் தோன்றியது.

அந்த உற்சாகத்தில் அடுத்த மரத்தின் இலைக்கும் கை நீட்டினேன். "அது தில்லை சார், தொடாதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று அவர் படகை விலக்கினார். சிலகாலம் பார்வையை மறைக்கவல்ல அந்தப் பாலே, மேய வரும் வாய்களிடமிருந்து மரத்துக்குக் காவல். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரத்தை இவ்வளவு அருகில் கண்டும், வணங்கித் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில், முருங்கைக்காய் போன்ற பச்சைத் தண்டு ஒன்று படகில் இடித்தது. சுரபுன்னையின் விதை காய்க்குள் உறங்கிக் காத்திருப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து நீண்டு, பின்னர் விழுந்து மிதந்து, சேறு கிடைத்த இடத்தில் வேர் விடுகிறது. ஓடக்காரர் துடுப்பின் நுனியால் அதைக் கரைப்பக்கம் ஒதுக்கிவிட்டார்.