ஐயாயிரம் ரூபாய் வந்து சேர்ந்த வழி

தலைப்பிரசவத்துக்கு மத்திய அரசு 5,000 ரூபாய் தருகிறது என்பது லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். வாங்கியவர்களைத்தான் தேட வேண்டும். "எழுதிக் கொடுத்தேன், வரலை" என்று அத்தோடு விட்டுவிடுகிறவர்களே அதிகம். எனக்கு இரண்டு தவணையும் வந்துவிட்டது. முதல் தவணை நடுவில் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தது. பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கும் நம்மூர்ப் பெண்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா யோஜனா. 2017-ல் வந்தது. முதலில் மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலிலிருந்து கணக்கு மாறி, முதல் குழந்தைக்கு 3,000, 2,000 என்று இரண்டு தவணை. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000, ஒரே தவணையில். 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் மகப்பேறு உதவி 6,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறது. அப்புறம் முதல் குழந்தைக்கு மட்டும் ஏன் 5,000 என்றால், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதற்கான ஜனனி சுரக்ஷா யோஜனா திட்டத்தில் கிடைப்பதையும் சேர்த்தால் சராசரியாக 6,000 வந்துவிடும் என்று பதில் வருகிறது. கர்நாடகத்தில் நகரத்துப் பெண்ணுக்கு அதில் கிடைப்பது 600 ரூபாய். அதுவும் பிபிஎல், அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே, அல்லது எஸ்.சி., எஸ்.டி. என்றால்தான். சராசரி யார் வீட்டுக்குப் போகிறதோ!

எங்கள் வீட்டில் முதல் பஞ்சாயத்து எந்த ஊரில் பதிவது என்பதில் வந்தது. அம்மா வீடு ஊத்தங்கரைப் பக்கம். அங்கே தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் என்று சித்தி போனிலேயே கணக்குப் போட்டுவிட்டார். உண்மைதான். 14,000 ரொக்கம், 4,000 ரூபாய் மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆனால் மத்திய அரசின் 5,000 அந்தப் பணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று வாங்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரையும் எடுத்தாகிவிட்டது. அங்கே பிரசவம் என்றால் கர்ப்பத்தைப் பதிந்ததற்கான பிக்மி எண் வேண்டும், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்குத் திண்டாட வேண்டும். கணவர் இங்கே ஆட்டோ ஓட்டுகிறார், எனக்குத் தையல் வேலை, கையில் ஏகப்பட்ட பிளவுஸ் துணி. யோசித்துப் பார்த்து இங்கேயே பதிந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் வளைகாப்பு முடிந்த கையோடு அவரே பை கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டார்.

இங்கே எல்லாம் தாயி கார்டு என்கிற தாய் சேய் அட்டையிலிருந்து தொடங்குகிறது. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் பதிந்தால் தருவார்கள். பரிசோதனை, ஊசி, பின்னால் குழந்தையின் தடுப்பூசி எல்லாம் அதில்தான் ஏறும். வாங்கிய இடத்திலேயே நின்று பெயரைப் படித்துப் பாருங்கள். நம் இனிஷியல் இங்குள்ளவர்களுக்குப் பெரிய குழப்பம். என் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் "கவிதா எஸ்", பாஸ்புக்கில் "எஸ் கவிதா", தாயி கார்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் கணவர் பெயரை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆதாரை நீட்டி, இதில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்றேன். "அதெல்லாம் பரவால்லம்மா" என்றார் எழுதியவர். எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் (ஆஷா) கூட வந்திருந்ததால் அன்றைக்கே திருத்தம் நடந்தது. கடைசி மாதவிலக்குத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு பரிசோதனையாவது முடிந்திருந்தால்தான் முதல் தவணை.

விண்ணப்பம் ஆஸ்பத்திரியில் இல்லை, அங்கன்வாடியில். இணையத்தில் நாமே செய்யவும் வழி இருக்கிறது. நான் அங்கன்வாடி டீச்சரிடமே போனேன். ஒரே அறை. ஒரு மூலையில் ஊஞ்சல் மாதிரி எடைத்தராசு தொங்கும், இன்னொரு மூலையில் முட்டை அட்டை. மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் டீச்சருக்குக் கை ஒழியும். உள்ளே சிக்னல் இல்லாததால் வாசற்படியில் உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஓடிபி என் கணவரின் போனுக்குப் போனது. அவர் ஹெப்பாள் மேம்பாலத்தில் சவாரியோடு நிற்கிறார். அவர் வண்டியை ஓரங்கட்டி எண்ணைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. டீச்சர் மறுபடி அனுப்ப, அதுவும் போச்சு. "உங்க நம்பரை ஆதார்ல போட்டுட்டு வாங்கக்கா, நான் எங்கே போறேன்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு எழுந்து போனார். கோபமே இல்லை, பாவம். சம்பளம் குறைவு, வேலை மட்டும் தலைக்கு மேல். ஆதாரில் என் எண்ணை மாற்றிக்கொண்டு போனபோது வேலை நிமிடத்தில் முடிந்தது.

தகுதிக்கு ஒரு சான்று கேட்பார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழ் என்ற சான்றிதழ், பிபிஎல் ரேஷன் கார்டு, ஆயுஷ்மான் அட்டை, ஈ-ஷ்ரம் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, இப்படிப் பட்டியலில் ஏதாவது ஒன்று போதும். இங்குள்ள ரேஷன் கார்டு மாமியார் பெயரில், என் பெயர் அதில் ஏறவில்லை. தையல்காரி என்பதால் ஈ-ஷ்ரம் கார்டு எடுத்தேன். இலவசம். பிஎஃப், ஈஎஸ்ஐ இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்கள் எடுக்கலாம். ஆதாரில் ஊத்தங்கரை முகவரிதான் இருந்தது, டீச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை. என் நாத்தனார் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஈஎஸ்ஐயில் 26 வாரச் சம்பளம் கிடைப்பதால் இந்தத் திட்டம் கிடையாது. அவளுக்கு அதில் வருத்தம். எனக்கு அவள் மேல் பொறாமை.

இனி காணாமல் போன 3,000-க்கு வருகிறேன். விண்ணப்பம் கொடுத்து மாதங்கள் ஓடின. ஒருநாள் டீச்சர் போனைத் திருப்பிக் காட்டி, "பணம் போயாச்சே" என்றார். என் பாஸ்புக்கில் ஒரு பைசா இல்லை. வங்கிக்குப் போனால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கு மேடம், எங்க பக்கம் பிரச்சினை இல்லை" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வங்கிக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. ஆதார் நகல் கொடுத்துக் கணக்கோடு சேர்ப்பது ஒன்று. அரசு உதவிப்பணம் இந்த வங்கிக்குத்தான் வர வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணம் போக வழி செய்யும் என்பிசிஐ அமைப்பின் பதிவேட்டில் ஏற்றுவது வேறு. அந்தப் பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக எதை ஏற்றினோமோ அது. பணம் ஆதாரைப் பார்த்துத்தான் போகிறது. நீங்கள் எந்தப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாலும் அதற்குத் தெரியாது.

எந்த வங்கி என்று பார்ப்பது சுலபம். மை ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நுழைந்தால் வங்கி இணைப்பு நிலை என்று ஒன்று இருக்கும். அதில் என் பெயருக்கு நேரே வந்து நின்றது, கல்லூரியில் உதவித்தொகைக்காக ஊத்தங்கரையில் திறந்த கணக்கு. ஏடிஎம் கார்டு எப்போதோ காலாவதி. பாஸ்புக் அம்மா வீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்ததாம். அந்த வங்கிக்கு இங்கேயும் கிளை உண்டு. அங்கே ஆதார், பான் நகல் கொடுத்துக் கேஒய்சி புதுப்பித்த பிறகு கணக்குக்கு உயிர் வந்தது. உள்ளே 3,000 சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நிறைமாதத்தில் வரிசையில் நின்று எடுத்தேன்.

கையோடு இங்கே நான் புழங்கும் வங்கியில், அந்தப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான ஆதார் சீடிங் படிவம் வாங்கினேன். அதில் புதிதாக இணைப்பது, வேறு வங்கியிலிருந்து மாற்றுவது என்று தனித்தனிக் கட்டம் உண்டு. மாற்றுவதில் டிக் போட்டு, பழைய வங்கியின் பெயரை எழுத வேண்டும். அந்த வரியை வெறுமையாக விடாதீர்கள். சில நாள் கழித்து மை ஆதாரில் வங்கியின் பெயர் மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், கவுண்டரில் சொல்வதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். வங்கிப் பக்கமே போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, தபால்காரர். கர்நாடக அரசு பெண்களுக்குத் தரும் கிருஹலட்சுமி 2,000 வராமல் அலைந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் வீட்டுக்கே வந்து, விரல் ரேகை வைத்து, அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறந்து ஆதாரையும் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில். சிசேரியன். மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி எதற்கும் காசு கிடையாது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அப்படித்தான் சொல்கிறது, டாக்டர்களும் நர்ஸுகளும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஆயாக்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆயா, கையில் கொடுப்பதற்கு முன்னால் என் கணவரிடம், "பொண்ணுதானே, முந்நூறு குடு. பையன்னா ஐநூறு" என்றார். பெண் பிறந்ததற்குத் தள்ளுபடி! கொடுத்தோம். இந்த வசூலை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாவது தவணைக்குப் பிறப்புப் பதிவும் பதினான்காவது வாரம் வரையான தடுப்பூசிகளும் வேண்டும். நடுவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது வார ஊசியை அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். அங்குள்ள சிஸ்டரிடம் கேட்டு இதே தாயி கார்டில் தேதியோடு எழுதி முத்திரையும் வாங்கிக்கொண்டேன். தனிச் சீட்டில் எழுதி வாங்கியிருந்தால் டீச்சர் பாடு கஷ்டம். பதினான்காவது வார ஊசிக்கு இங்கே திரும்பி, அதே வாசற்படி, அதே போன். 2,000 இந்த முறை நேராக வந்தது. குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு என்று அம்மா திட்டம் போட்டிருந்தார். அது வாடகைக்குப் போனது.

தகவல் ஒன்று விட்டுப்போனது. எங்கும் பதில் கிடைக்காவிட்டால் 14408 என்ற இலவச எண் இருக்கிறது. கருச்சிதைவு ஆனவர்கள் கதை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம், அடுத்த கர்ப்பத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

எதிர் வீட்டில் இப்போது இரண்டாவதாகப் பெண் பிறந்திருக்கிறது. 6,000-க்குப் பிறந்ததிலிருந்து 270 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கன்வாடிக்குப் போகும் முன் மை ஆதாரைத் திறக்கச் சொன்னேன். வேலையை விட்டுப் பல வருடமான கார்மெண்ட்ஸ் கம்பெனியின் சம்பளக் கணக்கு வந்து நின்றது. நேற்றுதான் சீடிங் படிவம் கொடுத்துவிட்டு வந்தோம்.